ஃபைலை புரோகிராமுக்குள்ளேயே வைப்பது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றி வந்திருக்கின்றன. படம், எச்டிஎம்எல் பக்கம், எழுத்துரு மாதிரியான ஃபைல்களைத் தனியாகக் கூடவே அனுப்பாமல், ஆப்ஜெக்ட் ஃபைலாக (கம்பைலர் உருவாக்கும் இடைநிலை ஃபைலின் வடிவில்) மாற்றி, புரோகிராமோடு லிங்க் செய்வது, அதாவது ஒன்றாக இணைப்பது பற்றி. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதையே எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: லினக்ஸில் சி மொழியில் ஒரு சின்ன வெப் சர்வர் எழுதியிருக்கிறேன். பக்கங்களையும் லோகோவையும் 'எக்ஸ்எக்ஸ்டி -ஐ' கொண்டு ஹெடர் ஃபைலாக்கி உள்ளே சேர்க்கிறேன். இப்போது 3 எம்பி அளவில் ஒரு எழுத்துருவும் சேர்ந்ததும் கம்பைல் ஆக ரொம்ப நேரம் எடுக்கிறது. லிங்க்கரே (ஆப்ஜெக்ட் ஃபைல்களை இணைத்து புரோகிராமாக்கும் கருவி) நேரடியாகச் சேர்க்கும் என்று நண்பர் சொல்கிறார். உண்மையா? (கோவையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: உண்மைதான். நீங்கள் இப்போது செய்வது என்ன என்று முதலில் பாருங்கள். விம் எடிட்டரோடு வரும் எக்ஸ்எக்ஸ்டி, ஒவ்வொரு பைட்டையும் ஹெக்ஸ் எண்ணாக, காற்புள்ளி, இடைவெளியோடு எழுதுகிறது. ஒரு பைட்டுக்கு ஆறு எழுத்து. ஆக 3 எம்பி எழுத்துரு 18 எம்பிக்கு மேல் உள்ள சி ஃபைலாகிறது. கம்பைலர் அந்த எண்களை ஒவ்வொன்றாகப் படித்து, அது சரியான எண்தானா, அர்ரேவின் வகைக்குள் அடங்குமா என்றெல்லாம் பார்த்து, கடைசியில் நீங்கள் ஆரம்பத்தில் வைத்திருந்த அதே பைட்டுகளை ஆப்ஜெக்ட் ஃபைலில் எழுதுகிறது. நடுவில் நடந்த அத்தனையும் வீண் வேலை. சின்ன ஐகானுக்கு இது பரவாயில்லை, எங்கும் ஓடும் என்ற நன்மையும் உண்டு. மெகாபைட் கணக்கில் போனால் நேரமும் நினைவகமும் சேர்ந்தே கரைகின்றன.

லிங்க்கருக்கு அந்தச் சுற்றுவழி தேவையில்லை. ஆப்ஜெக்ட் ஃபைல் என்பது செக்ஷன்கள் எனும் சில பகுதிகளில் கொஞ்சம் பைட்டுகள், அந்த பைட்டுகளில் எந்த இடத்துக்கு என்ன பெயர் என்று சொல்லும் ஒரு சிம்பல் டேபிள், அவ்வளவுதான். அந்த பைட்டுகள் சி மொழியிலிருந்து வந்தவையா, படத்திலிருந்து வந்தவையா என்பது லிங்க்கருக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. குனூ லிங்க்கரான 'எல்டி'யிடம் '-ஆர்', '-பி பைனரி' என்ற இரண்டு விருப்பங்களைக் கொடுத்து, வெளியீட்டுப் பெயரையும் உங்கள் ஃபைலையும் கொடுங்கள். '-பி பைனரி' என்றால், உள்ளே வருவதை ஆப்ஜெக்ட் ஃபைலாகப் படிக்க முயலாமல் வெறும் பைட்டுகளாக எடுத்துக்கொள் என்று அர்த்தம். '-ஆர்' என்றால், முழு புரோகிராமாக முடிக்காமல் மறுபடி லிங்க் செய்யக்கூடிய ஆப்ஜெக்டாகவே கொடு என்று அர்த்தம். எவ்வளவு பெரிய ஃபைலானாலும் கிட்டத்தட்ட நகல் எடுக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

இப்படிக் கிடைக்கும் ஆப்ஜெக்டுக்குள் மூன்று சிம்பல்கள் (பெயர்கள்) இருக்கும். உங்கள் ஃபைல் 'லோகோ.பிஎன்ஜி' என்றால் '_பைனரி_லோகோ_பிஎன்ஜி_ஸ்டார்ட்', அதே பெயரில் '_எண்ட்' என்று முடியும் ஒன்று, '_சைஸ்' என்று முடியும் ஒன்று. எழுத்தும் எண்ணும் அல்லாத எல்லாமே அண்டர்ஸ்கோராக மாறிவிடும். இங்கே ஒன்றைக் கவனியுங்கள், கட்டளையில் நீங்கள் எந்தப் பாதையைக் கொடுத்தீர்களோ அது முழுவதும் பெயருக்குள் போய்விடும். உங்கள் ஹோம் ஃபோல்டரிலிருந்து முழுப் பாதையைக் கொடுத்தால் உங்கள் யூசர் பெயர்கூட சிம்பலில் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் இன்னொருவர் கணினியில் அதே கோட் லிங்க் ஆகாது. அந்த ஃபோல்டருக்குள் போய் வெறும் ஃபைல் பெயரை மட்டும் கொடுங்கள். சந்தேகம் வந்தால் ஊகிக்க வேண்டாம், 'என்எம்' கட்டளையை அந்த ஆப்ஜெக்ட் மேல் ஓட்டிப் பாருங்கள், உள்ளே இருக்கும் பெயர்களை அப்படியே காட்டும். 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்று லிங்க்கர் முறையிடும்போது பத்தில் ஒன்பது தடவை இந்தப் பெயர்தான் காரணமாக இருக்கும்.

கேள்வி: நீங்கள் சொன்ன அதே வழியில்தான் செய்தேன். லிங்க் ஆகிறது. ஆனால் ஓட்டினால் உடனே செக்மென்டேஷன் ஃபால்ட். ஸ்டார்ட் சிம்பலை 'எக்ஸ்டர்ன் கேர் நட்சத்திரம்' என்று பாயின்டராக அறிவித்திருக்கிறேன். அதோடு, சைஸ் சிம்பலில் வரும் எண்ணும் ஏதோ பெரிய குப்பை எண்ணாக இருக்கிறது. (மதுரையிலிருந்து பொறியியல் மாணவி)

பதில்: இரண்டு கேள்விக்கும் வேர் ஒன்றுதான் அம்மா, சிம்பல் என்பது ஒரு முகவரி. அது ஒரு மாறி அல்ல.

ஸ்டார்ட் சிம்பல் இருக்கும் இடத்திலேயே உங்கள் ஃபைலின் முதல் பைட் இருக்கிறது. நீங்கள் அதைப் பாயின்டர் என்று அறிவித்ததும் கம்பைலர் என்ன நினைக்கிறது? 'அந்த இடத்தில் 8 பைட்டில் ஒரு முகவரி எழுதியிருக்கும், அதைப் படித்து அங்கே போக வேண்டும்' என்று நினைக்கிறது. அங்கே போய்ப் பார்த்தால் இருப்பது உங்கள் எச்டிஎம்எல் பக்கத்தின் முதல் எட்டு எழுத்துகள். பெரும்பாலான பக்கங்கள் கோண அடைப்பு, ஆச்சரியக்குறி, அப்புறம் 'டாக்டைப்' என்றுதானே ஆரம்பிக்கின்றன? அந்த எழுத்துகளின் ஆஸ்கி எண்களைப் பின்னிருந்து முன்னாக அடுக்கினால் 50 59 54 43 என்று தொடங்கும் ஒரு ஹெக்ஸ் முகவரி வரும். டீபக்கரில் அந்த எண்ணைப் பார்த்தால் இதுதான் பிரச்சினை என்று அப்போதே முடிவு கட்டிவிடலாம். இன்டெல், ஏஎம்டி 64 பிட் கணினியில் அப்படி ஒரு முகவரி செல்லவே செல்லாது, புரோகிராம் அந்த இடத்திலேயே சாகிறது. 'எக்ஸ்டர்ன் கான்ஸ்ட் அன்சைன்ட் கேர்' என்று எழுதி, பெயருக்குப் பின்னால் வெறும் சதுர அடைப்பு போட்டு அர்ரேவாக அறிவியுங்கள். அர்ரேவின் பெயர் என்றால் அதன் முகவரிதான், எதையும் படித்துவிட்டுத் தாவும் வேலை இல்லை.

சைஸ் விவகாரம் இன்னும் கொஞ்சம் நுணுக்கமானது. அந்தச் சிம்பலின் 'முகவரி'யே நீளம். ஃபைல் 4200 பைட் என்றால் சிம்பலின் முகவரி 4200. அந்த முகவரியில் படிக்க எதுவும் இல்லை, 'அம்பர்சண்ட்' போட்டு முகவரியை எடுத்து எண்ணாக மாற்றினால்தான் நீளம் கிடைக்கும். பழைய காலத்தில் அது ஒழுங்காக வேலை செய்தது. இப்போது பல லினக்ஸ் விநியோகங்களில் புரோகிராம்கள் 'பிஐஈ' முறையில், அதாவது நினைவகத்தில் எங்கே வேண்டுமானாலும் ஏற்றக்கூடியவையாக, இயல்பாகவே கட்டப்படுகின்றன. ஏற்றும்போது முகவரிகள் எல்லாம் ஒரு தொகையால் நகர்த்தப்படும். சைஸ் சிம்பலும் முகவரி மாதிரியே கணக்கிடப்பட்டு நகர்ந்துவிட்டால், 4200-க்குப் பதிலாக உங்களுக்குக் கிடைத்த அந்தக் குப்பை எண் வரும். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் வேறு வேறு எண்ணாகக்கூட வரலாம். அதனால் சைஸ் சிம்பலை மறந்துவிடுங்கள். எண்ட் முகவரியிலிருந்து ஸ்டார்ட் முகவரியைக் கழியுங்கள். இரண்டும் சேர்ந்தே நகர்வதால் வித்தியாசம் எப்போதும் மாறாது.

கேள்வி: தமிழ் உரை ஃபைல் ஒன்றை இப்படிச் சேர்த்து 'பிரின்ட்எஃப்' மூலம் அச்சிட்டால் முடிவில் வேறு எழுத்துகள் சேர்ந்து வருகின்றன. நீளமும் நான் எண்ணியதைவிட அதிகமாக வருகிறது. (யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: ஃபைலின் கடைசியில் பூஜ்ய பைட் கிடையாது. சி மொழியில் இரட்டை மேற்கோளுக்குள் நீங்கள் எழுதும் சரத்துக்குக் கம்பைலர் கடைசியில் ஒரு பூஜ்யம் சேர்க்கும். லிங்க்கர் சேர்க்காது, ஃபைலில் இருப்பது மட்டும்தான் வரும். அதனால் பிரின்ட்எஃப் அடுத்து கிடக்கும் எதையாவது, எங்கேயாவது பூஜ்யம் கிடைக்கும்வரை, படித்துக்கொண்டே போகிறது. 'எஃப்ரைட்' பயன்படுத்தி நீளத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

நீளத்தைப் பொறுத்தவரை உங்கள் ஃபைலில் தவறு எதுவும் இல்லை. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். 'வணக்கம்' என்பது நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, யூனிகோடில் புள்ளிகளையும் சேர்த்து 7 குறிகள், ஃபைலில் 21 பைட். எண்ட்டிலிருந்து ஸ்டார்ட்டைக் கழித்தால் வருவது பைட் கணக்கு.

கேள்வி: எஸ்டிஎம்32எஃப்103சி8 மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் வேலை செய்கிறேன். ஆப்ஜெக்ட் ஃபைலாக மாற்றித் தரும் 'ஆப்ஜ்காப்பி' கருவி மூலம் 14 கேபி பக்கம் ஒன்றைச் சேர்த்ததும் ரேம் போதவில்லை என்று லிங்க்கர் சொல்கிறது. பக்கம் மாறவே போவதில்லை, அது ஃபிளாஷில்தானே இருக்க வேண்டும்? (சென்னை)

பதில்: இருக்க வேண்டும், ஆனால் நீங்கள் அப்படிச் சொல்லவில்லை. ஆப்ஜ்காப்பியானாலும் எல்டியானாலும், பைனரி ஃபைலை எடுத்தால் அதை '.டேட்டா' என்ற செக்ஷனில்தான் வைக்கும். அது எழுதக்கூடிய தரவுக்கான இடம். மைக்ரோகன்ட்ரோலரில் அதன் பொருள் என்ன? அசல் பைட்டுகள் ஃபிளாஷில் இருக்கும், போர்டு உயிர்பெறும்போது தொடக்கக் கோட் அதை அப்படியே ரேமுக்கு நகல் எடுக்கும். ஆக ஒரே பக்கத்துக்கு இரண்டு இடம். உங்கள் சிப்பில் ஃபிளாஷ் 64 கேபி, ரேம் 20 கேபிதான். அதில் 14 கேபி ஒரு பக்கத்துக்குப் போனால் ஸ்டாக்குக்கும் பஃபர்களுக்கும் என்ன மிஞ்சும்?

ஆப்ஜ்காப்பியில் 'ரீநேம்-செக்ஷன்' என்ற விருப்பம் இருக்கிறது. '.டேட்டா'வை '.ரோடேட்டா' என்று பெயர் மாற்றி, கூடவே 'அல்லாக்', 'லோட்', 'ரீட்ஒன்லி', 'டேட்டா', 'கன்டென்ட்ஸ்' என்ற கொடிகளையும் கொடுங்கள். பெயரை மட்டும் மாற்றிவிட்டுக் கொடிகளை விட்டுவிடாதீர்கள், அப்படிச் செய்தால் செக்ஷன் எழுதக்கூடியதாகவே இருந்துவிடும்.

ஆனால் என்னைக் கேட்டால் இந்த இடத்தில் ஆப்ஜ்காப்பியையே விட்டுவிட்டு அசெம்ப்ளரின் '.இன்க்பின்' கட்டளைக்கு மாறுங்கள் என்றுதான் சொல்வேன். ஆறேழு வரியில் ஒரு அசெம்ப்ளி ஃபைல் போதும். முதலில் '.செக்ஷன் .ரோடேட்டா', அடுத்து தொடக்க முகவரி 4 அல்லது 16 பைட்டின் மடங்காக அமைய, அதாவது அலைன் செய்ய '.பிஅலைன்', அடுத்து நீங்களே வைக்கும் ஒரு பெயர், அதை வெளியே தெரியவைக்க '.குளோபல்', அடுத்து '.இன்க்பின்' என்று எழுதி மேற்கோளுக்குள் ஃபைல் பெயர், அடுத்து முடிவுக்கு இன்னொரு பெயர். எல்லாமே உங்கள் கையில் இருக்கிறது. எந்தச் செக்ஷன் என்று நீங்கள் சொல்கிறீர்கள். என்ன பெயர் என்று நீங்கள் சொல்கிறீர்கள், பாதை எதுவும் பெயருக்குள் நுழையாது. உரை ஃபைல் என்றால் கடைசியில் '.பைட் 0' என்று ஒரு வரி சேர்த்தால் யாழ்ப்பாண வாசகரின் பிரச்சினையும் தீர்ந்தது. அலைன்மென்ட் அற்ப விஷயம் என்று நினைக்காதீர்கள். ஆப்ஜ்காப்பி கொடுக்கும் செக்ஷனுக்கு அலைன்மென்ட் 1 பைட்தான், அதில் 32 பிட் எண்களாக ஒரு டேபிளை வைத்துப் படித்தால் சில சிப்கள் ஃபால்ட் அடித்து நின்றுவிடும். அதோடு, அசெம்ப்ளி ஃபைலை உங்கள் மற்ற கோட் போகும் அதே ஜிசிசி (குனூ கம்பைலர்) வழியாக, அதே ஆர்கிடெக்சர் விருப்பங்களோடு கட்டுவதால், கட்டமைப்பு பொருந்தவில்லை என்று லிங்க்கர் தகராறு செய்யும் வாய்ப்பும் குறைகிறது.

சிலர் இதே '.இன்க்பின்' வரியை சி ஃபைலுக்குள் 'ஏஎஸ்எம்' என்று போட்டு எழுதுவார்கள். வேலை செய்யும். ஆனால் லிங்க் நேர ஆப்டிமைசேஷனை இயக்கினால் அந்தப் பெயர்கள் கம்பைலருக்குத் தெரியாமல் போய் லிங்க் உடைவதுண்டு, தனி அசெம்ப்ளி ஃபைல்தான் பாதுகாப்பு.

இஎஸ்பி32 மைக்ரோகன்ட்ரோலர் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பாடு இல்லை. அதன் மேம்பாட்டுக் கட்டமைப்பான இஎஸ்பி-ஐடிஎஃப்பில் கூறுகளைப் பதிவு செய்யும் இடத்தில் 'எம்பெட்_ஃபைல்ஸ்' என்று ஒரு வரி கொடுத்தால் போதும், 'எம்பெட்_டிஎக்ஸ்டிஃபைல்ஸ்' கொடுத்தால் கடைசியில் பூஜ்யமும் சேர்த்துத் தரும்.

கேள்வி: லிங்க் செய்யும்போது '.நோட்.குனூ-ஸ்டாக் இல்லை, எக்ஸிக்யூட்டபிள் ஸ்டாக் என்று கொள்கிறேன்' என்ற பொருளில் ஒரு எச்சரிக்கை வருகிறது. கண்டுகொள்ளாமல் விடலாமா? (திருச்சி)

பதில்: விடவே கூடாது. ஒரு புரோகிராமின் ஸ்டாக்கில் இருக்கும் பைட்டுகளைக் கோடாக ஓட்ட முடியாதபடி தடுப்பது ஒரு முக்கியமான காவல். பஃபர் ஓவர்ஃப்ளோ மூலம் உள்ளே நுழைபவர்களை அது நிறுத்துகிறது. ஒவ்வொரு ஆப்ஜெக்ட் ஃபைலும் 'எனக்கு அப்படி ஓடும் ஸ்டாக் தேவையில்லை' என்று ஒரு காலிச் செக்ஷன் மூலம் சொல்ல வேண்டும் என்பது லினக்ஸில் ஏற்பாடு. சி கம்பைலர் அதைத் தானாகச் சேர்க்கிறது. நீங்கள் ஒரு படத்திலிருந்து செய்த ஆப்ஜெக்டில் அதை யார் சேர்த்தார்கள்? யாரும் இல்லை. ஒரே ஒரு ஆப்ஜெக்ட் சொல்லாமல் விட்டாலும் முழு புரோகிராமின் ஸ்டாக்கையும் ஓடக்கூடியதாக ஆக்கிவிடும் பழக்கம் குனூ லிங்க்கருக்கு உண்டு. ஒரு லோகோவைச் சேர்க்கப் போய் காவலையே கழற்றி வைத்ததாக ஆகிவிடுகிறது. முன்பெல்லாம் இது சத்தமில்லாமல் நடந்தது, 2022-இல் வந்த பின்யூட்டில்ஸ் (குனூ லிங்க்கர் அடங்கிய தொகுப்பு) 2.39 முதல்தான் எச்சரிக்கை வருகிறது.

கடைசி லிங்க்கில் '-இசட் நோஎக்ஸெக்ஸ்டாக்' கொடுங்கள். அசெம்ப்ளி ஃபைல் வைத்திருந்தால் அதன் முடிவில் அந்தக் காலிச் செக்ஷனை ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். முடித்ததும் 'ரீட்எல்ஃப் -எல்' ஓட்டி, குனூ ஸ்டாக் என்ற வரியில் 'ஈ' என்ற கொடி இல்லை என்று உங்கள் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எச்டிஎம்எல்லை மாற்றி 'மேக்' கொடுத்தாலும் பழைய பக்கமே வருகிறது. (சேலம்)

பதில்: உங்கள் மேக்ஃபைலில் அந்த ஆப்ஜெக்ட், எச்டிஎம்எல்லைச் சார்ந்தது என்று எழுதியிருக்கிறீர்களா? '.இன்க்பின்' வழியில் இது கட்டாயம், ஏனென்றால் ஜிசிசி தானாக எழுதிக்கொடுக்கும் சார்புப் பட்டியலில் 'இன்க்லூட்' ஃபைல்கள்தான் வரும், அசெம்ப்ளர் பின்னால் திறக்கும் ஃபைல் வராது. கையால் ஒரு வரி எழுதுங்கள்.

கேள்வி: 40 எம்பி அகராதி ஒன்றை உள்ளே வைத்தால் புரோகிராம் தொடங்கியதும் 40 எம்பி ரேம் போய்விடுமா? (பெங்களூரு)

பதில்: லினக்ஸில் போகாது. '.ரோடேட்டா'வில் இருக்கும்வரை கெர்னல் அந்தப் பகுதியை முகவரி வெளியில் இணைத்து மட்டும் வைக்கும். நீங்கள் தொடும் பக்கம் மட்டும்தான், வழக்கமாக 4 கேபி அலகில், அந்த நேரத்தில் டிஸ்கிலிருந்து வரும். ஒரே புரோகிராமை பத்துப் பேர் ஓட்டினாலும் அந்தப் பக்கங்கள் பொதுவாகவே இருக்கும், நெருக்கடி வந்தால் கெர்னல் தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அதே அகராதி '.டேட்டா'வில் இருந்து, நீங்கள் அதில் எங்காவது எழுதினால், அந்தப் பக்கத்துக்கு மட்டும் தனி நகல் உருவாகும். ஆனால் அகராதி மாதத்துக்கு ஒருமுறை மாறும் என்றால் உள்ளே வைக்காதீர்கள். ஒரு சொல்லைத் திருத்த 40 எம்பி புரோகிராமையே எல்லோரும் மறுபடி இறக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: சி மொழியின் புதிய தரநிலையான சி23-இல் இதற்கென்றே ஒரு வசதி வந்திருக்கிறதாமே? அப்படியானால் '.இன்க்பின்' எல்லாம் பழசுதானே? விண்டோஸில் என்ன செய்வது? (சிங்கப்பூர்)

பதில்: ஆமாம், '#எம்பெட்'. 2022-இல் சி23 வரைவுக்குள் ஏற்கப்பட்டது. கிளாங் 19-லும் ஜிசிசி 15-லும் இருக்கிறது. அர்ரேவின் அடைப்புக்குள் '#எம்பெட்' என்று எழுதி ஃபைல் பெயரைக் கொடுத்தால் முடிந்தது. நீளத்துக்கு 'சைஸ்ஆஃப்', கடைசியில் பூஜ்யம் வேண்டுமானால் 'சஃபிக்ஸ்', முதல் சில பைட் மட்டும் போதுமானால் 'லிமிட்'. எழுத்து வடிவில் எண்களாகத் தெரிந்தாலும் கம்பைலர் உள்ளுக்குள் அதை பைட்டுகளாகவே வைத்துக்கொள்ளலாம் என்பதால் எக்ஸ்எக்ஸ்டியின் மெதுவும் இல்லை. 'கான்ஸ்ட்' போட்டால் '.ரோடேட்டா'வுக்குப் போகும், ஸ்டாக் எச்சரிக்கை வராது, ஜிசிசி 15-இல் சேலம் வாசகரின் சார்புப் பட்டியல் பிரச்சினையும் தீரும். இத்தனை வருடம் சி எழுதியவர்களுக்கு இது எப்போதோ கிடைத்திருக்க வேண்டும். ரஸ்ட்டில் 'இன்க்லூட்_பைட்ஸ்' முன்பிருந்தே இருக்கிறது, கோ மொழியில் 2021-இல் 1.16 பதிப்போடு வந்துவிட்டது.

புதிய கம்பைலர் கிடைக்கும் இடத்தில் தயங்காமல் '#எம்பெட்' பயன்படுத்துங்கள். ஆனால் '.இன்க்பின்' பழசாகிவிட்டது என்பதை நான் ஏற்க மாட்டேன். லினக்ஸ் கெர்னலையே பாருங்கள். கெர்னலைக் கட்டும்போது எந்தெந்த விருப்பங்கள் இயக்கப்பட்டன என்ற பட்டியலைச் சுருக்கி, கெர்னலுக்குள்ளேயே வைக்க ஒரு வசதி உண்டு, '/ப்ராக்' கீழே 'கான்ஃபிக்.ஜிஇசட்' என்று நீங்கள் படிப்பது அதைத்தான். முன்பு அதை ஒரு சின்னக் கருவி கொண்டு சி அர்ரேவாக மாற்றிக்கொண்டிருந்தார்கள், பிறகு அதை விட்டுவிட்டு '.இன்க்பின்'னுக்கு மாறினார்கள். கெர்னலோடு சேர்த்துக் கட்டும் இனிட்ராம்எஃப்எஸ்ஸும் (கணினி தொடங்கும்போது கெர்னல் பயன்படுத்தும் ஃபைல் தொகுப்பு) அதே வழியில்தான் உள்ளே போகிறது. பழைய டூல்செயின் மட்டுமே கிடைக்கும் போர்டுகளில் வேலை செய்பவர்களுக்கு இன்னும் பல வருடம் இதுதான் கை கொடுக்கும்.

விண்டோஸில் அதற்கென்றே ரிசோர்ஸ் முறை இருக்கிறது, அதையே பின்பற்றுங்கள். '.ஆர்சி' ஃபைலில் 'ஆர்சிடேட்டா' என்று எழுதி ரிசோர்ஸ் கம்பைலரிடம் கொடுங்கள், மின்ஜிடபிள்யூ என்றால் 'விண்ட்ரெஸ்'. புரோகிராமில் 'ஃபைண்ட்ரிசோர்ஸ்', 'லோட்ரிசோர்ஸ்', 'லாக்ரிசோர்ஸ்' என்று வரிசையாகக் கூப்பிட்டால் பாயின்டர் கிடைக்கும், 'சைஸ்ஆஃப்ரிசோர்ஸ்' நீளம் தரும்.

கேள்வி: சர்வர் கடவுச்சொல் இருக்கும் ஃபைலை இப்படி உள்ளே வைத்தால் யாரும் பார்க்க முடியாதல்லவா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: பார்க்க முடியும். 'ஸ்ட்ரிங்ஸ்' என்ற கட்டளையை உங்கள் புரோகிராம் மேல் ஓட்டினால் அந்தக் கடவுச்சொல் அப்படியே திரையில் வரும். உள்ளே வைப்பதால் ஃபைல் தனியாகத் தெரியாமல் போகிறது, அவ்வளவுதான், மறைவதில்லை. ஏற்கெனவே அப்படி ஒரு பதிப்பை வெளியே கொடுத்திருந்தால் இன்றே கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை உள்ளே சேர்த்து என் மென்பொருளை விற்கலாமா? (ஈரோடு)

பதில்: விற்கலாம். அது எஸ்ஐஎல் ஓப்பன் ஃபான்ட் உரிமம் 1.1-இன் கீழ் வருகிறது, மென்பொருளோடு சேர்த்துக் கொடுக்கவும் விற்கவும் அனுமதி உண்டு. எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது, பதிப்புரிமைக் குறிப்பும் உரிம வாசகமும் கூடவே போக வேண்டும். உரிம வாசகத்தையும் இதே வழியில் இன்னொரு ஃபைலாக உள்ளே சேர்த்து, 'மென்பொருள் பற்றி' என்ற பக்கத்தில் காட்டுங்கள்.